கவுன் கிழிந்த காரணத்தால்

எங்கள் தையல் கடையில் என் வீட்டுக்காரர் வெட்டுவார், நான் தைப்பேன். பதினோரு வருடமாக இதுதான் ஏற்பாடு. அவர் கத்தரிக்கோலை நான் தொடமாட்டேன், என் மெஷினில் அவர் உட்காரமாட்டார். ஒருவர் வேலையில் ஒருவர் மூக்கை நுழைக்காததால்தான் குடும்பமும் ஓடியது. மகளுக்குப் பள்ளிக்கூடம் பார்க்கும் வேளை வந்தது, இரண்டு மூக்கும் ஒரே நேரத்தில் நுழைந்துவிட்டன.

மகளுக்கு வயது ஐந்தரை. ஞானஸ்நானத்தில் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு, அதை யாரும் கூப்பிடுவதில்லை. ஒன்றரை வயதில் ஒரு சட்டைப் பொத்தானை விழுங்கிவிட்டாள். அதற்காக நாங்கள் இருவரும் இரண்டு நாள் காத்திருந்த கதையைச் சொல்லாமல் விடுகிறேன். பொத்தான் பத்திரமாக வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரர் அதைக் கழுவித் துடைத்து, "அதே சட்டையில வெச்சுத் தைச்சுடலாமா?" என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் கையை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து பிள்ளையின் பெயர் பொத்தான்.

பொத்தான் வீட்டில் வாயாடி. வெளியாள் நிழல் பட்டால் போதும், வெட்டுமேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவாள். அங்கிருந்து கடைப் பொம்மையிடம் மட்டும் பேசுவாள், அதுவும் கிசுகிசுவென்று. கடைக்கு வந்த எந்த வாடிக்கையாளரும் இதுவரை அவள் குரலைக் கேட்டதில்லை. ஒரு அம்மாள் என்னிடம், "பாவம், பேச்சு வராதா?" என்று கேட்டாள். அவள் ரவிக்கையை அன்று கொஞ்சம் இறுக்கமாகத்தான் தைத்தேன்.

எங்கள் பக்கத்தில் பள்ளிகள் இரண்டு. கோயிலை ஒட்டிக் கன்னியர் பள்ளி, நீலக் கவுன், வெள்ளை வட்டக் காலர். கடைத்தெரு முனையில் பெரிய பள்ளி, பச்சைக் கட்டம் போட்ட கவுன், கூர் காலர். இரண்டுக்கும் சீருடை தைப்பது நாங்கள்தான். ஊரார் பள்ளியைப் பற்றி நாலு பேரிடம் விசாரிப்பார்கள். நான் கிழிசலைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பெரிய பள்ளி உடுப்பு தைக்க வரும்போது பை தொங்கும், ஓரத்தில் மண் இருக்கும், பொத்தான் மூன்றில் ஒன்று இருக்காது. அந்தப் பிள்ளைகள் ஓடியிருக்கிறார்கள், விழுந்திருக்கிறார்கள், கட்டிப் புரண்டிருக்கிறார்கள். கன்னியர் பள்ளி உடுப்போ ஓரத்தை இறக்கித் தரச் சொல்லி மட்டும்தான் வரும். பதினோரு வருடத்தில் அங்கிருந்து ஒரு கிழிசல் வந்ததில்லை. ஆகவே அங்கே பிள்ளைகள் உட்கார்ந்தே வளர்கிறார்கள் என்பது என் முடிவு. ஏற்கெனவே வாய் திறக்காத பிள்ளையை அங்கே சேர்த்தால், வாய்க்குக் காஜா எடுத்துப் பொத்தானும் மாட்டி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன்.

அவருக்கோ கன்னியர் பள்ளிதான் வேண்டும். "அங்க ஜெபம் சொல்லிக் கொடுப்பாங்க" என்பார். அதற்கு மேல் கேட்டால், "அங்க ஜெபம் சொல்லிக் கொடுப்பாங்க" என்று மறுபடியும் சொல்வார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

காரணம் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் எழுந்து விசுவாச அறிக்கை சொல்லும்போது, இவர் பாதியில் பிலாத்து பெயர் வரும் வரைக்கும் கணீரென்று சொல்வார். அதற்குப் பிறகு உதடு மட்டும் அசையும். ஒருநாள் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டேன். "முப்பத்திரண்டு, முப்பத்தினாலு, முப்பத்தாறு" என்று சட்டை அளவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டம் ஆமெனுக்கு வந்ததும் எல்லோருக்கும் முந்திச் சத்தமாக ஆமென் போட்டார். தனக்குத் தெரியாததை மகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று மனிதருக்கு உள்ளுக்குள் வெட்கம். அந்த வெட்கத்துக்கு நீலக் கவுன் மாட்டப் பார்த்தார். அதை நினைத்தால் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கோபம்தான் முதலில் வந்தது.

இந்த நேரம் பார்த்துப் பங்கு ஃபாதர் பிரசங்கத்தில் இதையே எடுத்துக்கொண்டார். "பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர் பெற்றோர்தான். அந்த உரிமையைக் கடவுள் கொடுத்தார். அரசாங்கமும் பறிக்க முடியாது, நானும் பறிக்க முடியாது. பள்ளிக்கூடம் உங்களுக்குத் துணை, உங்களுக்குப் பதில் அல்ல" என்றார்.

"கேட்டியா?" என்று என் வீட்டுக்காரர் என்னை இடித்தார்.

"கேட்டீங்களா?" என்று நான் அவரை இடித்தேன்.

உரிமை ஒன்று, உரிமைக்காரர் இரண்டு. முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இடித்துக்கொண்டோம்.

திங்கட்கிழமை காலையில் மேசைமேல் இரண்டு படிவங்கள் கிடந்தன, கன்னியர் பள்ளிக்கு நீலம், பெரிய பள்ளிக்குப் பச்சை. இரண்டிலும் அப்பா, அம்மா இருவரும் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டுக்கும் வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். அவர் என் படிவத்தில் போடமாட்டேன் என்றார், நான் அவர் படிவத்தில் போடமாட்டேன் என்றேன். வெள்ளியைத் தாண்டினால் இரண்டு பள்ளியிலும் இடம் கிடையாது, பிள்ளை இன்னொரு வருடம் மேசைக்கு அடியில். அது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் இருவரும் ஒற்றைக் காலில் நின்றோம்.

அவருடைய கன்னியர் பள்ளிப் படிவத்தை எட்டிப் பார்த்தேன். எல்லாம் நிரப்பியிருந்தார், இரண்டு கட்டம் மட்டும் பாக்கி. ஒன்று, 'இப்பள்ளியைத் தேர்ந்தெடுத்த காரணம்'. காலையிலிருந்து அதில் அவர் எழுதியதை நான் அடிக்க, நான் எழுதியதை அவர் அடிக்க, கடைசியில் எழுத இரண்டு விரல் இடம்தான் மிச்சம். இன்னொன்று, 'வீட்டில் பிள்ளைக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பவர்'.

"இது ஏன் காலி?" என்றேன்.

"பேனா எழுதல."

அதே பேனாவால்தான் மூன்று வரிக்கு முகவரி எழுதியிருந்தார்.

அன்று மதியம் அவர் நூல் வாங்கப் போன நேரத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். அவர் கத்தரிக்கோலை எடுத்து, பச்சைக் கட்டத் துணியில் எங்கள் பொத்தானின் அளவுக்கு ஒரு கவுன் வெட்டித் தைத்துவிட்டேன். உடுப்பு தயாராக இருந்தால் மனிதர் இறங்கி வருவார் என்று கணக்கு. வெட்டுத்துணிப் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்தேன். எங்கள் கடையில் எதையும் ஒளிக்க அந்த ஒரு பெட்டிதான் இருக்கிறது. அது அவருக்கும் தெரியும் என்பதை யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை எடுத்துப் பார்த்தால், இடுப்புக்குக் கீழே நீலம்! பச்சைப் பாவாடையைப் பிரித்துவிட்டு நீலப் பாவாடையை வைத்துத் தைத்திருக்கிறார். என் மெஷினில்! தையலா அது, தாண்டித் தாண்டிப் போகிறது. நீலப் பாவாடைமேல் பச்சைக் கட்டத்தில் ஒரு பை வைத்துத் தைத்து, பெட்டியில் போட்டேன். புதன்கிழமை காலை கூர் காலர் போய் வட்டக் காலர் வந்திருந்தது. அதைப் பிரிக்க உட்கார்ந்தேன், பாதியில் அவர் உள்ளே வந்துவிட்டார், அப்படியே சுருட்டி உள்ளே தள்ளினேன். ஆக, காலர் ஒரு பக்கம் வட்டம், ஒரு பக்கம் கூர். நேரில் நாங்கள் வாங்க போங்க என்று ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொண்டோம். சண்டையெல்லாம் பெட்டிக்குள்தான்.

அன்று பதினொரு மணிக்குப் பங்கு ஃபாதரே கடைக்கு வந்தார். நியாயம் சொல்ல வரவில்லை, அங்கியின் இடுப்பைத் தளர்த்த வந்தார்.

"துணி சுருங்கிடுச்சுப்பா" என்றார்.

என் வீட்டுக்காரர் இஞ்சு டேப்பைச் சுற்றிப் பார்த்து, "துணிமேல பழி போடாதீங்க ஃபாதர். குறை இருந்தா அளவு எடுத்தவர்கிட்ட கேளுங்க" என்று சாக்கட்டியை மேலே காட்டினார். இது அவர் எல்லோரிடமும் சொல்வதுதான். குட்டையாக இருக்கிறேனே என்று குறைப்பட்டால், ஒரு தோள் இறங்கியிருக்கிறதே என்று வருந்தினால், வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்தால், இதே பதில். "அவரு அளவு தப்பா எடுக்கமாட்டாரு, நான்தான் சில சமயம் தப்பா வெட்டிடுவேன்" என்றும் சேர்த்துக்கொள்வார்.

ஃபாதர் இரண்டு கையையும் விரித்து நின்றார், இடுப்பில் டேப், கழுத்தில் குண்டூசி. ஓட முடியாது. இதை விட்டால் சமயம் வாய்க்காது என்று நான் மெஷினை நிறுத்தினேன்.

"ஃபாதர், நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க. எந்த ஸ்கூல்?"

"ஆமா ஃபாதர், நீங்களே சொல்லுங்க" என்றார் அவரும். கன்னியர் பள்ளிக்கு நிர்வாகி ஃபாதர்தான், அந்தத் தைரியம் இவருக்கு.

ஃபாதர் நெளிந்தார். "அது பெற்றோர் முடிவும்மா. நான்தான் ஞாயித்துக்கிழமை சொன்னேனே."

"அதனாலதான் கேக்கறோம். பெற்றோர்னா யாரு, இவரா நானா?"

"ரெண்டு பேரும்தான். சேர்ந்து."

"சேர முடியலையே ஃபாதர்!" என்றோம் இருவரும், அதை மட்டும் சேர்ந்து.

ஃபாதர் பெருமூச்சு விட்டார், ஒரு குண்டூசி குத்தியது. "திருச்சபை என்ன கேக்குதுன்னா, முடிஞ்ச வரைக்கும் கத்தோலிக்கப் பள்ளிக்கு அனுப்புங்கன்னு கேக்குது."

என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆனா எது நல்ல பள்ளின்னு பாத்துத் தேர்ந்தெடுக்கற சுதந்திரம் உங்களோடது. அத நான் எடுத்துக்கிட்டா, என் பிரசங்கத்த நானே வாபஸ் வாங்கின மாதிரி."

நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

"எந்தப் பள்ளிக்கு அனுப்பினாலும், வீட்டுல விசுவாசத்தச் சொல்லிக் கொடுக்கற கடமை உங்க தலைலதான் இருக்கும். கன்னியர் பள்ளில சேர்த்தாலும் அது இறங்காது, பெரிய பள்ளில சேர்த்தாலும் இறங்காது."

என் வீட்டுக்காரரின் காது சிவந்தது. ஃபாதரின் இடுப்பை மூன்றாம் தடவையாக அளந்தார்.

இதையெல்லாம் மேசைக்கு அடியிலிருந்து இரண்டு கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. நாங்கள் கவனிக்கவில்லை. இரண்டு காதும் அங்கேதான் இருந்தன என்பதையும் கவனிக்கவில்லை.

வியாழக்கிழமை கவுனுக்கு ஒரு கை பச்சை, ஒரு கை நீலம் ஆனது. யார் எதை மாற்றினோம் என்று எங்களுக்கே கணக்குத் தப்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கன்னியர் பள்ளியில் பெற்றோரையும் பிள்ளையையும் பார்ப்பார்கள். "சும்மா பார்த்துட்டு வரலாம், கையெழுத்து கேக்கமாட்டேன்" என்று அவர் கெஞ்சினார். பச்சைப் படிவத்தைப் பையில் போட்டுக்கொண்டு நானும் கிளம்பினேன். பார்த்தால் பொத்தான் வாசலில் தயாராக நிற்கிறாள். அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு!

பச்சை உடம்பு, நீலப் பாவாடை, ஒன்றரை விதக் காலர், ஜோடி சேராத கைகள். கோமாளி கூட யோசித்துத்தான் போடுவான்.

"கழட்டு" என்றேன் நான். "கழட்டு கண்ணு" என்றார் அவர்.

"மாட்டேன். எனக்காக நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து தைச்சது" என்றாள் பொத்தான். "அம்மா கொஞ்சம், அப்பா கொஞ்சம். நான் தினம் பார்த்தேன். சர்ப்ரைஸ்னு நான் சொல்லவே இல்ல."

ஒரு வாரத்தில் முதல் தடவையாக நாங்கள் இருவரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டோம். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அவர் குனிந்து, வட்டமும் கூருமான அந்தக் காலரை ஒழுங்கு செய்தார். அதை ஒழுங்கு செய்ய ஒன்றும் இல்லை, ஆனாலும் செய்தார்.

தலைமை சிஸ்டர் மெலிந்த உருவம், மூக்குக் கண்ணாடி, காதில் பென்சில். கவுனை மேலிருந்து கீழ் பார்த்தார், கீழிருந்து மேல் பார்த்தார். "இது எந்தப் பள்ளி யூனிஃபார்ம்?" என்றார்.

"மாதிரிக்குத் தைச்சது சிஸ்டர்" என்றார் அவர். எதற்கு மாதிரி என்று நல்லவேளையாக சிஸ்டர் கேட்கவில்லை.

பொத்தான் என் புடவைக்குள் முக்கால்வாசி போய்விட்டாள். மேசைக்கு அடியில் இடம் இருக்கிறதா என்று ஒரு கண் தேடியது. வாய் திறக்கமாட்டாள், சிஸ்டர் பரிதாபப்படுவார், நான் என் வீட்டுக்காரரைப் பார்த்து "சொன்னேன்ல?" என்பேன். இதுதான் நான் எதிர்பார்த்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொஞ்சம் ஆசைப்பட்டேன் கூட.

சிஸ்டர் குனிந்து, எல்லாப் பிள்ளைகளையும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். "உன்னைப் படைச்சது யாரு கண்ணு?"

என் வீட்டுக்காரரின் நெற்றியில் வியர்வை. அவர் உதடு அசைந்தது. முப்பத்திரண்டு, முப்பத்தினாலு.

"அப்பா வெட்டினாரு" என்றது ஒரு குரல். எங்கள் பொத்தானின் குரல்தான், வெளியாள் முன்னால். "அம்மா தைச்சாங்க."

சிஸ்டர் சிரித்தார். "கவுனைக் கேக்கலம்மா. உன்னை."

"என்னைத்தான் சொல்றேன்."

"அப்போ கடவுள் ஒண்ணுமே செய்யலையா?"

கேள்வி கேட்டவருக்கு ஒன்றுமே தெரியவில்லையே என்பது போல் பொத்தான் பார்த்தாள். "அவருதானே அளவு எடுத்தாரு! அவரு தப்பா எடுக்கமாட்டாரு."

சிஸ்டர் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேசைமேல் வைத்தார். "இதை யாரு சொல்லிக் கொடுத்தா?"

"அப்பா. எல்லார்கிட்டயும் சொல்வாரு. குண்டா இருந்தா ரெண்டு தடவை சொல்வாரு. நம்ம ஃபாதர்கிட்டயும் சொன்னாரு."

சிஸ்டர் சத்தமாகச் சிரித்துவிட்டு, ஃபாதர் விஷயத்துக்கு மட்டும் வாயைப் பொத்திக்கொண்டார். அப்போது இடைவேளை மணி அடித்தது. "போய் மைதானம் பார்த்துட்டு வா" என்று பொத்தானை அனுப்பினார். அவளும் போனாள். என் புடவையை விட்டுவிட்டுப் போனாள்!

என் வீட்டுக்காரர் கைக்குட்டையைத் தேடினார். கிடைத்தது சாக்கட்டிதான். அதைக் கொண்டு கண்ணைத் துடைத்ததில் கன்னத்தில் ஒரு கோடு.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சேன்" என்றார் மெதுவாக. "அதனாலதான் இங்க சேர்க்கணும்னு அடம் பிடிச்சேன். நான் வாயில வந்ததச் சொல்லிக்கிட்டு இருந்தேன், அவ கத்துக்கிட்டிருக்கா. இனிமே பரவால்ல. உன் ஸ்கூல்லயே சேர்த்துடலாம். கொடு, கையெழுத்துப் போடறேன்."

ஜெயித்துவிட்டேன்! பையிலிருந்து பச்சைப் படிவத்தை எடுத்தேன். அவர் பேனாவைத் திறந்தார். இருந்த இடத்திலேயே பெயரில் பாதி எழுதிவிட்டார். அப்போதுதான் கதவு தடாலென்று திறந்தது.

பொத்தான். முழங்காலில் மண், நெற்றியில் வியர்வை, ஒரு பொத்தானைக் காணோம். பாவாடை இடுப்பிலிருந்து பிரிந்து பின்னால் இழுபட்டது. முகம் முழுக்கச் சிரிப்பு.

நான் மண்டியிட்டுக் கிழிசலைப் பார்த்தேன். தொழில் புத்தி. ஆணியில் மாட்டினால் முக்கோணமாகக் கிழியும். விழுந்தால் தேய்ந்து கிழியும். இது இரண்டும் இல்லை. இது பின்னாலிருந்து இழுத்துக் கிழிந்தது. இழுத்துக் கிழிய இன்னொரு கை வேண்டும்.

"யாரு இழுத்தா?" என்றேன்.

"அவ" என்று கதவுப் பக்கம் காட்டினாள். ரெட்டைச் சடையோடு ஒரு நீலக் கவுன் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. "நான் ஓடினேன், அவ பிடிச்சா. அப்புறம் அவ ஓடினா, நான் பிடிச்சேன். அவளுக்கும் கிழிஞ்சுது."

"அவகூடப் பேசினியா?"

"'பிடி'ன்னு சொன்னேன். அப்புறம் 'இன்னொரு தடவை'ன்னு சொன்னேன்."

ஐந்தரை வருடமாக இந்த வார்த்தைகளுக்குத்தான் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அழுகையை மறைக்க வேறு வழியில்லாமல் அவர்மேல் பாய்ந்தேன். "பாருங்க உங்க தையல! நான் தைச்சிருந்தா கிழிஞ்சிருக்குமா?"

சிஸ்டர் எழுந்து வந்தார். "கவலைப்படாதீங்க. இங்க தினம் நாலு கிழியும். வீட்டுல திட்டுவாங்கன்னு, சாயங்காலத்துக்குள்ள நம்ம தையல் சிஸ்டர் தைச்சுக் கொடுத்துடுவாங்க."

"தைச்சுக் கொடுத்துடுவாங்களா?" நான் நிமிர்ந்தேன். "பதினோரு வருஷமாவா?"

"அதுக்கு முன்னாடியிருந்தே."

ஆகாகா. என் முடிவெல்லாம் யாரோ ஒரு சிஸ்டரின் ஊசியில் போய் மாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. பிழைப்பும் போச்சு, புத்திசாலித்தனமும் போச்சு. ஆனால் அந்த நேரத்தில் இரண்டைப் பற்றியும் எனக்குக் கவலை இல்லை. அவர் கையிலிருந்த பச்சைப் படிவத்தைப் பிடுங்கினேன்.

"இங்கதான் சேர்க்கறோம்."

"நான்தான் உன் ஸ்கூலுக்கு ஒத்துக்கிட்டேனே!"

"உங்கள யாரு ஒத்துக்கச் சொன்னது?"

"காலைல வரைக்கும் இது உட்கார்ற ஸ்கூல்னு நீதானே சொன்னே!"

"காலைல நீங்க மட்டும் என்ன சொன்னீங்க?"

இப்படியே இடம் மாறி நின்று இன்னொரு சுற்றுப் போயிருப்போம். சிஸ்டர் பென்சிலால் மேசையைத் தட்டினார். "உரிமை உங்களோடது, நான் தலையிடமாட்டேன். ஆனா பன்னெண்டு மணிக்கு ஆபீஸ் மூடிடும்."

இருவரும் பொத்தானைப் பார்த்தோம். அவள் அறுந்த பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கதவிடுக்கில் அந்த ரெட்டைச் சடையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

என் வீட்டுக்காரர் நீலப் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். காரணம் என்ற கட்டத்தில், அடித்தல் திருத்தலுக்கு நடுவே மிச்சமிருந்த இரண்டு விரல் இடத்தில், 'கவுன் கிழிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதைப் படித்தார். ஒரு வார்த்தையும் அடிக்கவில்லை. என் பெயருக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

பிறகு பேனா அந்த இன்னொரு கட்டத்துக்கு மேல் போய் நின்றது. 'வீட்டில் பிள்ளைக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பவர்'. என்னைப் பார்த்தார். பேனா அன்றைக்கு நன்றாகவே எழுதியது. 'நான்' என்று எழுதினார், பெரிய எழுத்தில், கட்டத்துக்கு வெளியே போகிற அளவுக்கு.

"பேர் எழுதணுங்க" என்றார் சிஸ்டர்.

"அது பொத்தானுக்குத் தெரியும் சிஸ்டர்" என்று படிவத்தை நகர்த்தினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பொத்தானின் பாவாடையை அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தோம். கோயிலைத் தாண்டும்போது அவர் என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

"ஏம்மா, பிலாத்துக்கு அப்புறம் என்ன?"